வெளிநாட்டிலிருந்து வாத்தியம் வாங்கும்போது: சுங்கத் தீர்வையும் வற் வரியும்



நமது வானொலிக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "பிள்ளைக்குச் சென்னையிலிருந்து ஒரு வீணை எடுப்பிக்கப் போகிறோம். எவ்வளவு வரி வரும்? அன்பளிப்பு என்று எழுதினால் வரி இல்லையாமே, உண்மையா?" வீணைக்குப் பதிலாகச் சிலர் மிருதங்கம் என்பார்கள், சிலர் தவில், நாதஸ்வரம் என்பார்கள். கேள்வி ஒன்றுதான். ஆகவே இந்த மாதப் பேச்சை அதற்கே ஒதுக்கினேன். வானொலியில் எண்களைக் குறித்துக்கொள்வது சிரமம் என்பதால் இங்கே எழுத்திலும் தருகிறேன்.

நான் சட்டத்தரணி அல்ல. ஹீத்ரோவுக்குப் பக்கத்தில், வெளிநாட்டுப் பொதிகளின் கடதாசி வேலைகளைப் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் பல வருடங்கள் இருந்து இப்போது ஓய்வு பெற்றிருப்பவன். ஹரோவில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளைச் சங்கீத வகுப்புக்குக் கூட்டிவரும் பெற்றோர் என்னைக் கண்டால் இதைத்தான் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

மூன்று செலவுகள்

வெளிநாட்டிலிருந்து ஒரு வாத்தியம் பிரித்தானியாவுக்குள் வரும்போது வாத்திய விலைக்கும் அனுப்பும் கூலிக்கும் மேலாக மூன்று செலவுகள் வரலாம்.

முதலாவது சுங்கத் தீர்வை. இது பொருளின் வகையையும் அது உற்பத்தியான நாட்டையும் பொறுத்தது. உலக நாடுகள் எல்லாம் பொருட்களுக்கு ஒரே மாதிரியான குறியீட்டு எண்களைப் பயன்படுத்துகின்றன. அதில் 92ஆம் அத்தியாயம் இசைக்கருவிகளுக்கு உரியது. வயலின், வீணை, தம்புரா போன்ற தந்தி வாத்தியங்கள் 9202. நாதஸ்வரம், புல்லாங்குழல், ஆர்மோனியம் 9205. மிருதங்கம், தவில், தபேலா, கடம் 9206. கீபோர்ட் போல மின்சாரத்தால் ஒலி எழுப்புபவை 9207. தந்தி, குதிரை முதலிய உதிரிப் பாகங்கள் 9209.

இரண்டாவது வற், அதாவது பெறுமதி சேர் வரி. 2011 ஜனவரி 4ஆம் திகதியிலிருந்து இது 20 வீதம். இந்த நாட்டுக் கடையில் வாங்கினால் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கும் அதே வரிதான், வெளிநாட்டுப் பொருளுக்கு எல்லையில் அறவிடப்படுகிறது.

மூன்றாவது கையாளும் கூலி. இது அரசாங்கத்துக்குப் போவதில்லை. உங்களுக்காக வரியைக் கட்டிப் பொதியை விடுவித்ததற்காக ரோயல் மெயிலோ கூரியர் நிறுவனமோ எடுக்கும் பணம். நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பொதி அனுப்புவதற்கு முன்பே கேட்டு வைப்பது நல்லது.

எம்மவர்கள் பெரும்பாலும் "தீர்வை எவ்வளவு?" என்றுதான் கேட்கிறார்கள். உண்மையில் இசைக்கருவிகளுக்குத் தீர்வை சொற்பம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பட்டியலில் பெரும்பாலான தந்தி வாத்தியங்களுக்கும் தோல் வாத்தியங்களுக்கும் 3.2 வீதம் இருந்தது. 2021 ஜனவரி 1 முதல் பிரித்தானியா தனது சொந்தப் பட்டியலைக் கொண்டுவந்தபோது இப்படியான சில்லறை வீதங்களைக் கீழே இறக்கிச் சீராக்கியது. பணப்பையைக் கடிப்பது தீர்வை அல்ல, வற் வரிதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

தஞ்சாவூர் வீணை ஒன்று 600 பவுண் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியில் அடைத்து விமானத்தில் அனுப்ப 250 பவுண். காப்புறுதி 20 பவுண். மொத்தம் 870 பவுண். தீர்வை வாத்திய விலையான 600 பவுணுக்கு மட்டும் அல்ல, இந்த 870 பவுணுக்கும் போடப்படும். இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை.

தீர்வையை 2 வீதம் என்று எடுத்தால் 17 பவுண் 40 பென்ஸ். அதைக் கூட்டினால் 887 பவுண் 40 பென்ஸ். வற் வரி இந்தத் தொகைக்கு 20 வீதம்: 177 பவுண் 48 பென்ஸ். தீர்வைக்கும் சேர்த்துத்தான் வற் போடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இரண்டு வரியும் சேர்ந்து 194 பவுண் 88 பென்ஸ். வீணை வீட்டு வாசலுக்கு வரும்போது 1,065 பவுண் அளவாகிவிடும். கையாளும் கூலி வேறு. 600 பவுண் வீணை என்று நினைத்துக் காசு சேர்த்த குடும்பத்துக்கு இது பெரிய வித்தியாசம்.

ரூபாயைப் பவுணாக மாற்றுவதற்கு, எச்.எம்.ஆர்.சி. என்று நாம் சொல்லும் வருமான, சுங்கத் திணைக்களம் மாதாமாதம் நாணய மாற்று வீதத்தை வெளியிடுகிறது. நீங்கள் கடன் அட்டையில் கட்டிய வீதம் அதற்குச் சற்று வேறாக இருக்கலாம்.

தீர்வையைக் குறைக்க வழி உண்டு. வளர்முக நாடுகளுக்கான பிரித்தானியாவின் வர்த்தகத் திட்டம் 2023 ஜூன் 19 முதல் நடைமுறையில் உள்ளது. இலங்கை அதில் கூடுதல் சலுகை பெறும் நாடு. இந்தியா சாதாரண சலுகைப் பிரிவில் இருக்கிறது. இதைவிட இந்தியாவும் பிரித்தானியாவும் 2025 ஜூலை 24இல் சுதந்திர வர்த்தக ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டன. இப்படியான சலுகையைக் கேட்பதற்கு, வாத்தியம் அந்த நாட்டிலேயே செய்யப்பட்டது என்று விற்பவர் எழுதித் தரவேண்டும். ஆனால் தீர்வை பூச்சியமானாலும் வற் வரி அப்படியே இருக்கும். "ஒப்பந்தம் வந்துவிட்டது, இனி வரி இல்லை" என்று யாரும் சொன்னால் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

135 பவுண் எல்லை

பொதிக்குள் இருக்கும் பொருட்களின் மொத்த விலை 135 பவுணுக்கு மேற்படாவிட்டால் சுங்கத் தீர்வை இல்லை. தாளம், மோர்சிங், சிறிய சுருதிப் பெட்டி, வீணைத் தந்திகள் எல்லாம் பெரும்பாலும் இதற்குள் அடங்கும். ஆனால் வற் உண்டு. 15 பவுணுக்கு உட்பட்ட பொதிகளுக்கு முன்பு இருந்த வற் விலக்கு 2020 முடிவோடு நின்றுவிட்டது. 2021 ஜனவரி 1 முதல், 135 பவுண் வரையான பொதிகளுக்கு வற் வரியை விற்பவரே விலையோடு சேர்த்து எடுத்து இந்த அரசாங்கத்துக்குக் கட்டவேண்டும். அமேசன், ஈபே போன்ற தளங்களில் வாங்கினால் அந்தத் தளமே எடுத்துவிடும். அப்படி எடுத்ததற்கான பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். தபாலில் இரண்டாம் முறை கேட்டால் காட்டுவதற்கு அதுதான் ஆதாரம்.

இந்த 135 பவுண் தீர்வை விலக்கையும் 2029 மார்ச்சுக்குள் நீக்கப்போவதாக 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்திருக்கிறார்கள். இப்போதைய சட்டம் என்றைக்கும் இருக்கும் என்று நினைக்கவேண்டாம்.

அன்பளிப்பு என்று எழுதலாமா?

உண்மையான அன்பளிப்பு என்றால் தாராளமாக எழுதலாம். சென்னையில் இருக்கும் பெரியம்மா தன் காசில் தாளம் ஒன்று வாங்கி, பேத்தியின் பிறந்தநாளுக்குத் தானே தபாலில் போட்டால் அது அன்பளிப்பு. 39 பவுண் வரையான அன்பளிப்புக்கு வற் இல்லை, தீர்வையும் இல்லை. 39இல் இருந்து 135 பவுண் வரை வற் மட்டும். அதற்கு மேல் 630 பவுண் வரை தீர்வை கூடியது 2.5 வீதம், வற் வேறு.

நீங்கள் இங்கிருந்து காசு அனுப்பி, கடைக்காரர் பொதி கட்டி அனுப்பும் மிருதங்கம் அன்பளிப்பு ஆகாது. கடைக்காரர் நல்லெண்ணத்தோடு "சேர், 1,000 ரூபாய் கிஃப்ட் என்று போட்டுவிடவா?" என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு வந்த மிருதங்கத்தின் கட்டை வழியில் வெடித்துவிட்டது. பொதியில் எழுதியிருந்தது 1,000 ரூபாய். கொடுத்த விலை அதைவிடப் பல மடங்கு. காப்புறுதி அந்த 1,000 ரூபாய்க்குமேல் ஒரு சதமும் தரவில்லை. வரியில் மிச்சம் பிடித்தது எவ்வளவு, இழந்தது எவ்வளவு என்று அவர்களே கணக்குப் பார்த்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பொய்யான விலை எழுதிய பொதியைச் சுங்கம் பறிமுதல் செய்யலாம், தண்டமும் விதிக்கலாம். நம்மில் பலருடைய வீட்டில் இன்னும் யாராவது ஒருவர் வதிவிட அனுமதிக்கோ குடியுரிமைக்கோ காத்திருக்கிறார். குடியுரிமை விண்ணப்பத்தில் நன்னடத்தை பார்க்கிறார்கள், அரசாங்கத்தோடு நேர்மையாக நடந்தோமா என்பதும் அதில் அடங்கும். நூறு இருநூறு பவுணுக்காக அப்படியொரு கடதாசியில் நம் பெயர் வரவேண்டுமா? வரி கட்டிய பற்றுச்சீட்டு கையில் இருந்தால் எந்தக் கதவு தட்டினாலும் பயமில்லை.

பயணப் பொதியில் கொண்டுவந்தால்

விமானத்தில் வரும் ஒருவர் 390 பவுண் வரையான பொருட்களை வரியின்றிக் கொண்டுவரலாம். தன் சொந்தப் பாவனைக்கோ அன்பளிப்புக்கோ உரியதாக இருக்கவேண்டும். 250 பவுண் மிருதங்கம் என்றால் பிரச்சினை இல்லை. ஆனால் அதே பயணத்தில் வாங்கிய சேலைகளும் நகைகளும் இந்த 390க்குள்தான் அடங்கவேண்டும். இதை மறந்துவிடுகிறோம்.

தனி ஒரு பொருளின் விலை 390ஐத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும் வரி. 500 பவுண் வீணைக்கு 110 பவுணுக்கு மட்டும் வரி என்று நினைக்கக்கூடாது. தீர்வை 2.5 வீதம் என்று வைத்தால் 12 பவுண் 50 பென்ஸ், வற் 102 பவுண் 50 பென்ஸ், ஆக 115 பவுண். கணவனும் மனைவியும் ஆளுக்குப் பாதி வீணை என்று தங்கள் சலுகைகளைச் சேர்க்கவும் முடியாது. பச்சை வழியால் நடந்தால் "என்னிடம் அறிவிக்க ஒன்றுமில்லை" என்று வாயால் சொன்னதற்குச் சமம். எல்லையைத் தாண்டியிருந்தால் சிவப்பு வழியால் போங்கள், அல்லது வருமுன் அரசாங்க இணையத்தளத்தில் அறிவித்துப் பணத்தைக் கட்டிவிடுங்கள்.

மார்கழிக் கச்சேரிகளுக்குப் போய்த் திரும்பும் சங்கீத ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. மாணவர்களுக்காக மூன்று நான்கு வாத்தியம் கொண்டுவந்து விலைக்குக் கொடுப்பது வழக்கமாக இருக்கிறது. இலாபம் வைக்காமல் கொடுத்தாலும், விற்பதற்காகக் கொண்டுவரும் பொருளுக்கு 390 பவுண் சலுகை இல்லை. முதல் பவுணிலிருந்தே அறிவிக்கவேண்டும். பெற்றோர்களும் இதை விளங்கிக்கொண்டு, "நீங்களே கொண்டுவாங்கோ மாஸ்டர்" என்று ஆசிரியரை இக்கட்டில் விடாமல் இருப்பது நல்லது.

பாரிசிலிருந்தும் ஜேர்மனியிலிருந்தும்

முன்பு பாரிஸ் லா சப்பலில் வாங்கிய ஆர்மோனியத்தைத் தம்பி காரில் ஏற்றிவந்தால் யாரும் கேட்டதில்லை. 2020 டிசம்பர் 31 நள்ளிரவோடு அந்தக் காலம் முடிந்தது. இப்போது பிரான்ஸ், ஜேர்மனி, டென்மார்க்கிலிருந்து வருவதும் இறக்குமதிதான். ஐரோப்பாவில் உற்பத்தியான வயலினுக்கு, உற்பத்தி நாட்டை உறுதிப்படுத்தினால் தீர்வை இல்லை. வற் உண்டு. இந்தியாவில் செய்த வீணை பாரிஸ் கடையிலிருந்து வந்தால் அது ஐரோப்பியப் பொருளாகிவிடாது. எங்கே வாங்கினோம் என்பதல்ல, எங்கே செய்யப்பட்டது என்பதுதான் தீர்வைக்கு முக்கியம்.

கொண்டுவரவே கூடாதவை

வரியை விடப் பாரதூரமான விடயம் இது. கஞ்சிராவுக்குப் பரம்பரையாக உடும்புத் தோல் போர்த்துவார்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைப் பாதுகாக்கிறது. சைட்டிஸ் என்னும் சர்வதேச உடன்படிக்கையிலும் நம் ஊர் உடும்பு மிகக் கடுமையான முதலாம் பட்டியலில் இருக்கிறது. அனுமதிப் பத்திரமில்லாமல் உடும்புத் தோல் கஞ்சிராவைக் கொண்டுவந்தால் பறிமுதல் மட்டுமல்ல, குற்ற வழக்கும் வரலாம். ஆட்டுத் தோலிலும் செயற்கைத் தோலிலும் இப்போது கஞ்சிரா கிடைக்கிறது. கடைக்காரரிடம் எந்தத் தோல் என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

பழைய வீணைகளில் யானைத் தந்த வேலைப்பாடு இருக்கும். அம்மம்மாவின் வீணை என்று ஆசையோடு கொண்டுவரும்போது அது பெரிய சிக்கலாகலாம். பிரித்தானியாவின் தந்தச் சட்டம் 2022 ஜூன் 6இல் நடைமுறைக்கு வந்தது. 1975க்கு முன் செய்யப்பட்டு, தந்தம் 20 வீதத்துக்குக் குறைவாக உள்ள இசைக்கருவிகளை மட்டும், பதிவு செய்தபின் விற்க அனுமதி உண்டு. எல்லை கடப்பதற்குச் சைட்டிஸ் அனுமதி வேறு வேண்டும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட பொருளை இந்தியாவிலிருந்து வெளியே எடுப்பதற்கும் அங்குள்ள தொல்பொருள் சட்டம் தடை போடுகிறது. பழைய வாத்தியம் என்றால் முதலில் விசாரியுங்கள், பிறகு பொதி கட்டுங்கள்.

கருங்காலி, ஈட்டி மரம் என்று பயப்படுவோரும் உண்டு. ஈட்டி மர இனங்கள் 2017 ஜனவரி 2 முதல் சைட்டிஸ் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. உலகெங்கும் இசைக் கலைஞர்கள் படும் கஷ்டத்தைப் பார்த்து, 2019 நவம்பர் 26 முதல் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு அளித்தார்கள். பிரேசில் நாட்டு ஈட்டி மரத்துக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. தஞ்சாவூர் வீணை, மிருதங்கம், தவில் எல்லாம் பலா மரத்தில் செய்யப்படுபவை. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் ஆச்சா மரம். இவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஆனால் பொதிப் பெட்டியைப் பாருங்கள். வாத்தியத்தைப் பச்சைப் பலகைப் பெட்டியில் அடைத்தால், பூச்சி புழு வராமல் அந்தப் பலகையைச் சூடேற்றிப் பதப்படுத்தி, அதற்குரிய சர்வதேச முத்திரை குத்தியிருக்கவேண்டும். ஒட்டுப்பலகைப் பெட்டிக்கு அது தேவையில்லை. அனுப்புமுன் கடைக்காரருக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

சட்டமே தரும் சலுகைகள்

பொய் சொல்லாமல் வரியைக் குறைக்க நான்கு வழிகள் உண்டு.

ஒன்று, புதிதாகக் குடிவருபவர். கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்திலிருந்து ஹரோவுக்கு வரும் மருமகள், தான் ஆறு மாதமாவது பாவித்த வீணையை வதிவிட மாற்றச் சலுகையில் வரியின்றிக் கொண்டுவரலாம். பொருள் வருமுன்பே எச்.எம்.ஆர்.சி.க்கு விண்ணப்பிக்கவேண்டும்.

இரண்டு, முதுசம். இறந்தவரின் சொத்தாக உங்களுக்கு வந்த வாத்தியத்துக்குத் தீர்வையும் வற்றும் இல்லை. உயில் அல்லது உரிமையைக் காட்டும் பத்திரம் வேண்டும். மேலே சொன்ன தந்தக் கட்டுப்பாடு இதற்கும் உண்டு.

மூன்று, கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவது. இங்கே பாவிக்கும் வயலினைச் சென்னைக்குக் கொண்டுபோய் மூன்று வருடத்துக்குள் மாற்றமின்றிக் கொண்டுவந்தால் வரி இல்லை. அது உங்களுடையது என்று காட்ட, வாங்கிய பற்றுச்சீட்டும், புறப்படுமுன் எடுத்த படங்களும் கையில் இருக்கட்டும்.

நான்கு, திருத்த வேலை. வீணைக்கு மெழுகு கட்ட, மேளம் மாற்ற ஊருக்கு அனுப்பினால், அனுப்புமுன்பே அதற்கான முறைப்படி பதிவு செய்யுங்கள். திரும்பி வரும்போது திருத்தக் கூலிக்கும் அனுப்பும் செலவுக்கும் மட்டும் வரி கட்டினால் போதும். பதிவு செய்யாவிட்டால் முழு வாத்தியத்தையும் புதிதாக வாங்கியதாகக் கணக்கெடுக்க இடமுண்டு.

இவற்றோடு ஐந்தாவதாக ஒன்று, இறக்குமதியோடு சம்பந்தமில்லாதது. பிள்ளை அரசாங்கப் பாடசாலையில் வயலின் படிக்கிறாரா? பாடசாலை மூலமாக வற் இல்லாமல் வாத்தியம் வாங்கும் திட்டம் பல இடங்களில் இருக்கிறது. ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். அதே வயலினில் கர்நாடக சங்கீதமும் படிக்கலாம்.

கடிதம் வந்தால்

வரி கட்டவேண்டிய பொதி வந்தால் தபால் நிறுவனம் அட்டையோ கடிதமோ அனுப்பும். அரச முத்திரை போட்ட கடிதம் என்றாலே நம் மூத்தவர்களுக்கு நெஞ்சு படபடக்கும். அவர்கள் கடந்துவந்த பாதை அப்படி. இது வழக்கு அல்ல, வெறும் கட்டணச் சீட்டு என்று பிள்ளைகள் பொறுமையாக விளக்குங்கள். ஆனால் குறித்த நாட்களுக்குள் கட்டாவிட்டால் பொதி திரும்பிப் போய்விடும்.

கைத்தொலைபேசிக்கு "உங்கள் பொதிக்கு 1 பவுண் 99 கட்டவேண்டும்" என்று குறுஞ்செய்தி வந்தால் அந்த இணைப்பை அழுத்தவேண்டாம். இந்த மோசடியில் வங்கிக் காசை இழந்தவர்கள் பலர். அட்டையில் உள்ள இலக்கத்தை, நீங்களே தட்டச்சுச் செய்து திறந்த நிறுவன இணையத்தளத்தில் போட்டுப் பாருங்கள்.

கூடுதலாக வரி எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தால் கட்டிவிட்டு மீளக் கேட்கலாம். தபாலில் வந்த பொதிக்கு பி.ஓ.ஆர். 286 என்ற படிவம். பொதியின் மேலே ஒட்டிய சுங்கச் சீட்டைக் கிழித்து எறியாதீர்கள், அதுவும் இணைக்கப்படவேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், வாத்திய விலை, அனுப்பும் கூலி, காப்புறுதி மூன்றையும் கூட்டி அதில் கால்வாசி அளவு கையில் ஒதுக்கி வைத்துக்கொண்டு கடைக்காரரோடு பேசுங்கள். உண்மை விலையில் பற்றுச்சீட்டு, செய்த நாடு, தோலும் மரமும் எவை என்ற விபரம், முழுப் பெறுமதிக்குக் காப்புறுதி என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள். வீதங்கள் மாறக்கூடியவை. வாங்கும் நாளில் அரசாங்கத்தின் தீர்வைப் பட்டியலில் குறியீட்டு எண்ணைப் போட்டு ஒருமுறை சரிபாருங்கள்.

ஒரு வாத்தியத்தைக்கூட எடுத்துவர முடியாமல் வந்தவர்கள் நம்மில் பலர். இன்று பேரப்பிள்ளைகளுக்கு நாமே தெரிந்து வாங்கிக் கொடுக்கிறோம். அந்த வாத்தியத்தின் கடதாசிகளையும் ஓர் உறையில் போட்டு அதன் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். நாளைக்கு அந்தப் பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு எந்த நாட்டுக்குக் கச்சேரிக்குப் போனாலும் அது உதவும்.

கேள்விகள் இருந்தால் நிலையத்துக்கு எழுதுங்கள். நிகழ்ச்சியில் பதில் தருகிறேன்.